அட்டெண்டரிடம் சொல்லியாச்சு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று போய்விட்டது, சரி செய்யக் கொடுக்க வேண்டும். வாக்கிங் இல்லை. பி.பி. மாத்திரை ஆயிற்று.

பஸ் ஸ்டாண்டில் நாசிர் பாயைப் பார்த்தேன். ஜரிகைக் கடைக்காரர். போன வருடம் ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேருக்கும் பெருங்குடலில் கேன்சர் கட்டி, ஒரே வாரத்தில் ஆபரேஷன். எனக்கு 76, அவருக்கு 41. வித்தியாசம் அவ்வளவுதான்.

"குடல் கேமரா டெஸ்ட் போன வாரம் ஆச்சு சார். ரெண்டு தடவ போன் பண்ணி கூப்ட்டாங்க. உங்களுக்கு வரல?"

வரவில்லை. முழுக்கக் குணமாம், இனி எந்த டெஸ்டும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக வீட்டுக்காரி வேதா சொன்னாள். அதற்காகவே ஆவணியில் பெருமாள் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை வேறு.

நவ. 6, வியாழன்

மழை விட்டது. வேதாவிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரி. கவுண்டரில் ஒரு பெண், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே:

"எழுபத்தஞ்சு தாண்டினவங்களுக்கு கட்டாயம்னு இல்ல சார். உடம்பு நெலம பாத்து, கேட்டுகினுதான் செய்வாங்க. உங்க அட்டெண்டர்கிட்ட கேட்டாச்சே. வேணாம்னுட்டாங்க."

"என்கிட்ட யாரும்மா கேட்டாங்க?"

"பேஷண்டுக்கு இஷ்டமில்லைன்னு போட்டிருக்குது. உங்க பையன் கையெழுத்து."

அட்டெண்டர் என்றால் கூட வந்தவர். ஒவ்வொரு முறையும் "அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க" என்பார்கள். வேதாவும் செந்திலும் உள்ளே போவார்கள். குடல் என்னுடையது, நான் வெளியே பெஞ்சில். திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒன்னுமில்லப்பா, ஒன்னுமில்லங்க. நானும் முட்டாள் மாதிரி கூடச் சிரித்திருக்கிறேன்.

டாக்டரைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பார்த்தார். இ.சி.ஜி. எடுத்தார்கள். "தாங்குவீங்க, செஞ்சிடலாம். நீங்கதான் வேணாம்னு சொன்னீங்கன்னு நெனச்சேன்" என்றார். செவ்வாய்க் காலை டெஸ்ட். மயக்க ஊசி போடுவதால் அட்டெண்டர் இல்லாமல் செய்ய மாட்டார்களாம். அதற்கும் அட்டெண்டர்.

நவ. 7, வெள்ளி

கேட்டுவிட்டேன். வேதா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஆமாங்க, நாந்தான் வேணாம்னேன். பாத்தா எதனா ஒன்னு இருக்கும். இன்னொரு தடவ அந்த ஐ.சி.யூ. வாசல்ல என்னால உக்காந்துகினு இருக்க முடியாது."

அவளால் முடியாதாம். படுத்துக் கிடந்தது நான்.

செந்தில் போனில்: "இந்த வயசுல எதுக்குப்பா கஷ்டம்? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இரு."

இருக்கிற வரைக்கும். தேதியும் அவனே குறித்து வைத்திருக்கிறான் போல.

முப்பத்து மூன்று வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் நான். டிரைவரிடம் சொல்லாமல் ஒரு டிரிப்பையும் ரத்து செய்ததில்லை.

மனசு ஆறவில்லை. வெளியாள் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். பெருமாளிடமும் பொய் சொல்லி, அர்ச்சனைத் தேங்காயை எனக்கே சட்னி அரைத்துப் போட்டிருக்கிறாள். ருசியாக இருக்கிறது என்று இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.

நவ. 10, திங்கள்

அட்டெண்டர் கிடைத்தார். நாசிர் பாய்தான். போன் பண்ணிக் கேட்டதும் சரி என்றார்.

"உறவு என்னன்னு கேப்பாங்களே சார், என்னா சொல்றது?"

"பக்கத்துக் கட்டில்னு சொல்லுங்க."

இன்று:
வடித்த கஞ்சித் தண்ணீர், காலை.
இளநீர் 2.
குடலைக் கழுவ மருந்துத் தூள் கரைத்து 2 லிட்டர். உப்பு, இனிப்பு, குமட்டல்.
கக்கூஸ், 4 மணியிலிருந்து 6-க்குள் ஏழு முறை. பிறகு எண்ணவில்லை.

வேதா கதவைத் தட்டினாள். "நாளைக்கு நானும் வர்றேங்க."

"வேணாம்."

இன்னொரு இளநீரை வெட்டி, டம்ளரில் ஊற்றி, கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன். கோபம் குறையவில்லை.

நவ. 11, செவ்வாய்

நல்ல வெயில். டெஸ்ட் முடிந்தது. மயக்கம் தெளியும்போதே காதில் விழுந்தது: "பேஷண்டோட அட்டெண்டர் உள்ள வாங்க."

நாசிர் பாய் போய்விட்டு வந்தார். சிரித்தார்.

"ஒன்னுமில்ல சார். சின்னதா ஒரு சதை மொட்டு, அப்பவே எடுத்துட்டாங்களாம். பயப்பட்ற மாதிரி இல்லையாம். மத்ததெல்லாம் சுத்தம்."

வேதாவும் செந்திலும் சிரித்துக்கொண்டு வந்த அதே சிரிப்பு. தாளை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். கண்ணாடி போட்டு நான்கு முறை படித்தேன். அதுவேதான் இருந்தது. தள்ளாடிக்கொண்டு போய் டாக்டரிடமும் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. பாவம் நாசிர் பாய், முகம் சுண்டிவிட்டது.

வீட்டு வாசலில் வேதா. அழுத கண்.

"என்னாங்க சொன்னாங்க?"

செருப்பைக் கழற்றினேன். ரிப்போர்ட் சட்டைப் பையில்தான் இருந்தது.

காப்பி கொண்டுவந்து வைத்து மறுபடி கேட்டாள். "எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. மறைக்காதீங்க."

சர்க்கரை கம்மி என்றேன்.