பதினொரு மீட்டர்

மார்ச் 2

மாண்புமிகு அண்ணன் அவர்களுக்கு,

பொருள்: பத்து மாதமாகப் போனை எடுக்காமல் இருப்பது தொடர்பாக.

மைதான நிர்வாகத்தின் சார்பில் (தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் நானே) இதனால் தெரிவிப்பது என்னவென்றால், அம்மாவிடம் மாதம் ஒரு தடவை யாருடைய போனிலிருந்தோ பேசி, "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவதை நிர்வாகம் பதிலாக ஏற்காது. அதனால்தான் அம்மாவிடம் விலாசத்தைக் கறந்து கடிதம் போடுகிறேன். கடிதத்தை உன்னால் 'கட்' பண்ண முடியாது. கிழிக்கலாம். கிழித்தால் துண்டுகளை ஒட்டிப் படிக்க வேண்டியிருக்கும். உன் ஆர்வம் எனக்குத் தெரியும்.

செய்திக்கு வருகிறேன். நம் கிளப் பட்டியலில் மூன்றாவது. மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன்: முதல் இரண்டு அணி நேராக மேல் டிவிஷனுக்குப் போகும். அடுத்த நான்கும் பிளே-ஆஃபில் மோதி, இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கிற ஒன்று மட்டும் கூடவே போகும். இறுதி ஆட்டம் பட்டியலில் மேலே இருப்பவர்கள் மைதானத்தில். அதாவது, போன வருஷம் மாதிரியே நம் மைதானத்தில் நடக்கலாம்.

போன வருஷம் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எண்பத்தெட்டாவது நிமிஷம், பெனால்டி, நீ, கிராஸ்பார், 'டங்'. எழுதிவிட்டேனா? மன்னித்துக்கொள்.

அந்த ஆட்டத்துப் பந்து காணாமல் போனதற்கு இன்னும் கோச் மாமாவுக்கு என் மேல்தான் சந்தேகம். நான் எடுத்திருந்தால் அதற்கு மீசை வரைந்து அவர் மேசையிலேயே வைத்திருப்பேன் என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. ஒரு காலத்தில் அவர் விசிலுக்குள் இருந்த உருண்டையை நான் எடுத்துவிட, ஆஃப்சைடுக்கு அவர் 'ஃபூ' என்று ஊதினாரே, அந்தக் கோபம். ஆனால் அண்ணா, போன மே மாதத்திலிருந்து நான் ஒரு வாலுத்தனமும் பண்ணவில்லை. தெருவே எனக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறது.

அம்மா எழுதச் சொன்னது: குளிருக்கு உள்ளே பனியன் போடவும். இரண்டு.

இப்படிக்கு,
மைதானத்தின் ஒரே பெரும்புள்ளி,
வாலு


மார்ச் 15

வாலுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை.

நான் வேலை செய்வது குளிர்க் கிடங்கில். வெளியே வெயில், உள்ளே மைனஸ் இருபது டிகிரி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பெட்டிகளை இங்கிருந்து அங்கே வைக்க வேண்டும், அங்கிருந்து இங்கே வைக்க வேண்டும். மூச்சு விட்டால் முன்னால் வெள்ளையாக நிற்கும். பனியன் மூன்று போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

பந்து என்னிடம் இருக்கிறது. கோச் மாமாவிடம் சொல்லாதே. ஏன் எடுத்தேன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்தீர்களா? செய்யாவிட்டால் உடனே செய்யுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடி அப்பாவை நானும் அம்மாவும் கண் டாக்டரிடம் இழுத்துப் போனோம். இழுத்து என்றால் நிஜமாகவே இழுத்து. முடிவு: கழுகு. சுவரில் மாட்டிய அட்டையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அதற்குக் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். டாக்டர், "சார், நீங்க என் கண்ணைப் பாருங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. "கண்ணு நல்லா இருக்கா? நல்லாப் பாத்தீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். கண் நன்றாக இருப்பதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வருத்தமா என்று டாக்டருக்கே குழப்பம்.

அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லத்தான் வேண்டும். தினமும் விடிந்ததும் மைதானத்தில் புல் வெட்டுவதற்கு முன்னால், அளவு டேப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கோலுக்குப் போகிறார். கோல் கோட்டில் ஒரு ஆணி அடித்து டேப்பை மாட்டி, முட்டி போட்டபடியே பெனால்டி புள்ளி வரைக்கும் இழுக்கிறார். பதினொரு மீட்டர். டேப்பைச் சுருட்டுகிறார். மறுபடியும் இழுக்கிறார். ஒரு நாள் எண்ணினேன், ஏழு தடவை. புள்ளிக்கு என்ன, காலா முளைத்திருக்கிறது, ராத்திரியில் எழுந்து நடக்க?

புள்ளிக்குப் பின்னால் தட்டு அளவுக்கு ஒரு வட்டத்தில் புல் பிடிப்பதே இல்லை. மூன்று தடவை புதுப் புல் வைத்துப் பார்த்துவிட்டார். பத்து நாள் பச்சையாக இருக்கும், பிறகு மஞ்சள், பிறகு மண். யாரோ குனிந்து பார்ப்பது மாதிரி இருக்கிறது அந்த வட்டம்.

இன்னொன்று. கேலி பண்ணாதே. காலையில் மைதானம் காலியாக இருக்கும்போது அந்தக் கோலின் மேல்கம்பி, உன் கிராஸ்பார், சத்தம் போடுகிறது. 'டங்.' ஒரே ஒரு தடவை. அப்பாவிடம் கேட்டேன். "வெயில் ஏறினா இரும்பு சத்தம் போடும்மா. போய் பல்லு விளக்கு" என்றார். நேற்று வெயிலே இல்லை.

அரையிறுதி இருபதாம் தேதி. ஜெயித்தால் மே பத்து இறுதி ஆட்டம். வருவாயா? அப்பாவின் கண்ணைப் பற்றி ஏன் கேட்டாய்?

இப்படிக்கு,
காதில் மட்டும் கோளாறுள்ள
வாலு


ஏப்ரல் 16

வாலு,

நான் வரமாட்டேன். ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ விளையாட்டுப் பிள்ளை, ஆனால் ரகசியம் காப்பாய்.

அன்றைக்குப் புள்ளி தப்பான இடத்தில் இருந்தது.

அந்தக் கோலில் நான் ஆயிரம் தடவை அடித்திருப்பேன். பந்தை வைத்து நிமிர்ந்தால் வலது போஸ்ட் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தைச் சரியாக மறைக்கும். கம்பம் தெரியாது. அன்றைக்கு நிமிர்ந்தேன், கம்பம் முழுசாகத் தெரிந்தது. கம்பத்தடியில் யாரோ நிற்பதும் தெரிந்தது. புள்ளி பின்னால் தள்ளி இருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

கையைத் தூக்கியிருந்தால் ரெஃப்ரி அளந்திருப்பார். இரண்டாயிரம் பேருக்கு முன்னால் அப்பாவின் புள்ளியை டேப் வைத்து அளந்திருப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் கோடு போட்ட மனுஷன். அன்று மாலையே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். கையைத் தூக்கவில்லை. அடித்தேன்.

சரியான இடத்திலிருந்து அடித்திருந்தால் உள்ளே போயிருக்குமா? தெரியாது. அதைத்தான் தினமும் அந்தக் குளிரில் நின்று யோசிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பா முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன். சொல்லக் கூடாது. அதனால் வரவில்லை. அவ்வளவுதான்.

நீயும் சொல்லாதே.

அண்ணன்


ஏப்ரல் 23

அண்ணா,

அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். இந்தக் கடிதம் அதற்கு இல்லை.

புள்ளியை நகர்த்தியது நான்.

மூன்று தாள் கிழித்துவிட்டேன். முதல் தாளில் ஒரு ஜோக்கோடு ஆரம்பித்திருந்தேன். மேலே எழுதிய அந்த ஒரு வரியைத் தவிர வேறு எப்படியும் இதை எழுத முடியவில்லை.

போன வருஷம் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, சாப்பிடும்போது நீ சொன்னாய்: "கண்ணைக் கட்டிக்கிட்டு அடிச்சாலும் கோல்தான்டி." நான், "பாக்கலாம், பாக்கலாம்" என்றேன். மறுநாள் பயிற்சியில் உன்னைத் தவறவிட வைத்து, டீம் முன்னால் சிரிக்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான் அண்ணா. சிரிக்க.

தேய்ந்துபோன புள்ளிக்கு அப்பா எப்படிப் புதுப் புல் வைப்பார் என்று உனக்கே தெரியும். வட்டக் கத்தியால் மண்ணோடு வில்லையாக வெட்டி எடுத்து, வேறு வில்லையை வைத்து மிதிப்பார். அன்று ராத்திரியே நானும் அதையே செய்தேன். வெள்ளைப் புள்ளி இருந்த வில்லையை வெட்டி, இரண்டு ஜாண் பின்னால் வைத்தேன். அங்கிருந்த பச்சை வில்லையை முன்னால் வைத்து மிதித்துத் தண்ணீர் ஊற்றினேன். ரொம்ப சுத்தமாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மழை. கோச் மாமா பயிற்சியை ஹாலுக்குள் வைத்துவிட்டார். மாலையில் இறுதி ஆட்டத்துக்காக மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் கேட் வாசலில் அப்பா அதிகாரிகளோடு நின்றுகொண்டிருந்தார். "அப்பா, ஒரு நிமிஷம்" என்றேன். "இன்னிக்கு ஒரு நாளாவது வாலைச் சுருட்டிட்டு இரு. ஓடு" என்றார். ஓடிவிட்டேன். பெனால்டி எங்கே வரப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பத்தடியில் யாரோ நின்றதாக எழுதியிருந்தாயே, அது நான்தான். நீ பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னையே பார்த்தாய். நான் செய்தது உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். உன் கால் பட்டது. 'டங்.' அதற்கப்புறம் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் மௌனமானார்கள். எனக்கு இன்னும் அந்த மௌனம் முடியவில்லை.

மறுநாள் நீ பையோடு போய்விட்டாய். அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அளந்தார். உட்கார்ந்துவிட்டார். பிறகு யாருக்கும் தெரியாமல் வில்லைகளை மாற்றி வைத்தார். கேலரிப் படிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். தன் கை செய்த தப்பு என்றே நினைக்கிறார். உனக்கு அவர் கண் மங்கிவிட்டது. அவருக்கு அவர் கை போய்விட்டது. இரண்டையும் செய்தது உங்கள் வீட்டுச் செல்லப் பிள்ளை.

திட்டி எழுது. நல்லா திட்டு. ஆனால் எழுது.

உன் தங்கை


மே 6

அண்ணா,

பதில் வரவில்லை. பதிமூன்று நாள் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாமான் அறையில் இறுதி ஆட்டத்துக்காக வெள்ளை பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். கதவில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குச்சியைச் சுழற்றுவதை நிறுத்தவில்லை.

"எவ்வளவு?" என்றார்.

"என்னப்பா எவ்வளவு?"

"எவ்வளவு தள்ளி வெச்சே?"

"ரெண்டு ஜாண்."

"நாப்பத்திரெண்டு சென்டிமீட்டர்" என்றார். குச்சியோடு வேறொரு பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்தார். "டாக்டர் கண்ணு நல்லா இருக்குன்னு சொன்னப்போ, அப்ப மூளைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்டா. எங்க தப்புப் பண்ணேன், எங்க தப்புப் பண்ணேன்னு..." பிறகு நிமிர்ந்து, "அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

நீ காப்பாற்றச் சொன்ன ரகசியத்தை உடைத்துவிட்டேன் அண்ணா. பந்தை வைத்த நொடியே உனக்குத் தெரியும் என்றும், அவருக்காகத்தான் கையைத் தூக்கவில்லை என்றும் சொன்னேன்.

குச்சியிலிருந்து பெயிண்ட் அவர் செருப்பின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் பார்க்கவில்லை. அடித்துவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது டேப்பின் நுனியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"புடி. கோட்டுல வை. இந்தத் தடவை புள்ளிய நீ வெட்டு."

"வேணாம்ப்பா."

"வெட்டு."

வெட்டினேன். வட்டம் கொஞ்சம் முட்டையாகிவிட்டது. அளவு சரி. பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. தேதியை மட்டும் சொல்கிறேன்.

வாலு


மே 11

அண்ணா,

ஜெயித்துவிட்டோம். ஒன்று-பூஜ்யம். கோல் அடித்தது நம் ஆள்கூட இல்லை. அவர்கள் டிஃபெண்டரின் முதுகில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. முதுகில் கண் இல்லாத குறைக்கு நாம் மேல் டிவிஷன்.

நான் ஆட்டத்தையே பார்க்கவில்லை. தொண்ணூறு நிமிஷமும் அந்தப் புள்ளியைத்தான் பார்த்தேன். பெனால்டியே வரவில்லை. ஒருத்தர்கூட அதை மிதிக்கவில்லை. எல்லோரும் கத்தி, கட்டிப்பிடித்து, கோச் மாமா அழுது, விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டு, எல்லாம் நடந்தது. அப்பாவும் நானும் மட்டும் வேறு ஏதோ ஆட்டம் முடியாமல் நிற்கிற மாதிரி நின்றோம்.

மேல் டிவிஷன் விதிப்படி மைதானம் முழுவதையும் தோண்டிப் புதுப் புல் போட வேண்டுமாம். இருபதாம் தேதி காலையில் இயந்திரம் வருகிறது. அந்தப் புள்ளி, மொட்டை வட்டம், எல்லாமே போய்விடும். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

வாலு


மே 20

அண்ணா,

இன்று காலை ஆறு மணிக்கு அப்பாவும் நானும் கடைசியாக ஒரு தடவை அளக்கப் போனோம்.

வலைக்குள் ஒரு பந்து கிடந்தது. போன வருஷத்துப் பந்து. ஆட்டத் தேதி அச்சடித்திருந்தது. தொட்டேன், குளிர்ந்திருந்தது. பனியால் இருக்கும். நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டேன்.

ஈரப் புல்லில் தடம் இருந்தது. ஐந்து காலடி, முதல் அடி மட்டும் பாதி. இந்த ஊரில் அப்படி ஓடி வருகிறவன் ஒருத்தன்தான். புள்ளிக்குப் பக்கத்தில் ஊன்றிய கால் ஆழமாகப் பதிந்திருந்தது. அப்பா முட்டி போட்டு டேப்பை இழுத்தார். பந்து வைத்த இடத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். "சரியா பதினொண்ணு" என்றார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். ஒரே ஒரு தடவைதான் அளந்தார்.

கேட்டைத் தாண்டிப் போகும் தடமும் இருந்தது. பஸ் நிறுத்தம் பக்கம் திரும்பியிருந்தது. வீட்டுப் பக்கம் இல்லை. அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாகிட்ட இப்பச் சொல்லாத" என்றார்.

பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். இனி இங்கிருந்து உனக்கு எதுவும் வேண்டாம் என்றா? இல்லை, இனி வெறுங்கையோடு வருவேன் என்றா? எனக்குப் புரியவில்லை அண்ணா. என் வாலுத்தனத்துக்கெல்லாம் இதுவரை யாரும் இப்படிப் பதில் கொடுத்ததில்லை.

இயந்திரம் வந்துவிட்டது. இதை எழுதும்போது அந்தப் பக்கத்துக் கோலிலிருந்து தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். இந்தக் கோலின் போஸ்ட்டுகளையும் கிராஸ்பாரையும் கழற்றித் தரையில் படுக்க வைத்திருக்கிறார்கள். கிராஸ்பார் இப்போதும் ஒரு தடவை சத்தம் போட்டது. அப்பாவும் திரும்பிப் பார்த்தார். வெயிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவர்கள் இங்கே வருவதற்குள் ஓடிப்போய் புள்ளியில் நின்று பார்த்தேன். வலது போஸ்ட் இருந்த இடத்தில் அப்பாவை நிற்கச் சொன்னேன். அவருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக் கம்பம் மறைந்துதான் இருந்தது.

உன் தங்கை