பெரியத்தான் போட்ட சாக்கெட்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. வீடு கட்டியபோது சுவருக்குள் கேபிள் இழுத்து, அறைக்கு அறை சாக்கெட் வைத்தவர் என் கணவரின் அண்ணன், பெரியத்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார். "ஒயர்ல வர்ற நெட்டு பாறை மாதிரி நிக்கும்."

பாறைதான். நகர்வதே இல்லை.

மார்ச் 6

நெட் கம்பெனி ஆள் வந்தார். ஹாலில் இருக்கும் மோடத்தில் தன் கணினியைச் செருகிப் பார்த்தார். "இங்க வரைக்கும் ஜோரா வருதுங்க. சுவத்துக்குள்ள நடக்கிறது எங்க பொறுப்பில்ல."

பிறகு யார் பொறுப்பு? கணவரைக் கேட்டேன். "அண்ணன் செஞ்சதுல தப்பு இருக்காது. கம்ப்யூட்டர ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." எனக்கு மூச்சு நின்றாலும் இதையேதான் சொல்வார்.

மார்ச் 7, வெள்ளி

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

காது கேளாத நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே, திரையில் உட்கார்ந்து கையால் பேசுவது என் வேலை. இன்று ஒரு சின்னப் பெண். மார்பில் கட்டி. "இது கேன்சர் இல்ல" என்றார் டாக்டர். சைகையில் 'இல்லை' கடைசியில்தான் வரும். 'கேன்சர்' என்று காட்டினேன் — படம் உறைந்துவிட்டது. அவள் திரையில் என் கை அந்த இடத்திலேயே நின்றிருக்கும். நான் இங்கே பைத்தியக்காரி மாதிரி இல்லை, இல்லை, இல்லை என்று ஆட்டிக்கொண்டிருக்கிறேன். யார் பார்த்தது?

இணைப்பு திரும்பியபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சொன்னேன். புரிந்துகொண்டாள். சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கணும்?

மேலாளர் கூப்பிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்கள வச்சுக்க முடியாதும்மா."

மார்ச் 8

"ஹால்லயே உக்காந்து வேலை பாரேன்" என்கிறார் கணவர். டிவிக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் முன்னால், அடுத்தவர் நோயைக் கையால் விரித்துக் காட்டவா? வைஃபையோ என் அறைக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பெரியத்தான் எழுந்தருளினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாக்கெட்டைப் பார்த்தார். உள்ளங்கையால் சுவரில் இரண்டு தட்டு. நெட் வந்துவிட்டது! "பாத்தியாம்மா? கோளாறு உன் கம்ப்யூட்டர்லதான்."

வாசலில் அவர் செருப்பு மாட்டுவதற்குள் போய்விட்டது. சுவரையும் அடித்துத்தான் வளர்க்க வேண்டும் போல.

மார்ச் 10

கணினியை மோடத்தில் நேரே செருகி நாள் முழுக்க ஓடவிட்டேன். ஒரு விக்கல் இல்லை. சரி, கணினி குற்றவாளி இல்லை. அறைக்கு வந்து, சாக்கெட்டிலிருந்து கணினிக்கு வரும் சின்னக் கேபிளை மாற்றினேன். நெட் உடனே அறுந்தது. அதுவும் இல்லை.

மிச்சம் யார்?

மார்ச் 12

கடையில் கேபிளைச் சோதிக்கும் டெஸ்டர் ஒன்று வாங்கினேன். இரண்டு துண்டு. ஒன்றைச் சுவர்க் கேபிளின் மோடம் பக்கத்து முனையிலும் மற்றதை என் சாக்கெட்டிலும் செருகினால், உள்ளே ஓடும் ஒயருக்கு ஒன்றாக எட்டு விளக்கு வரிசையாக எரிய வேண்டும். மூன்றாவது எரியவே இல்லை. ஆறாவது, மனசு வந்தால். சுவரைத் தட்டினேன் — இரண்டுமே எரிந்தன! இவ்வளவுதானா பெரியத்தானின் மந்திரம்?

திருப்புளியை எடுத்ததும் கணவர் குறுக்கே வந்தார். "கழட்டாத. அண்ணன் மனசு கழண்டுரும்."

"கழண்டா ரெண்டு ஸ்குரூ போட்டு இறுக்கிக்கச் சொல்லுங்க."

உள்ளே — தூ! ஒவ்வொரு ஒயரையும் அதனதன் பல்லிடுக்கில் அழுத்த ஒரு கருவி இருக்கிறது. பெரியத்தான் எதை வைத்து அழுத்தினாரோ, பாதிப் பல் வளைந்து கிடக்கிறது. இரண்டு ஒயர் சும்மா சாய்ந்து நிற்கின்றன, விசேஷ வீட்டில் வேலை செய்வதுபோல் நடிக்கும் சொந்தக்காரர்கள் மாதிரி. மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி மானத்தை மறைத்திருக்கிறார்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரல் நுனியால் ஒரு ஒயரைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது.

மார்ச் 15, சனி

புது சாக்கெட், அந்தக் கருவி, எட்டு நிற ஒயர். முதல் தடவை வரிசை பிசகிவிட்டது. பிரித்து மறுபடி போட்டேன். கணவர் கேட்காமலே டார்ச் பிடித்தார். எட்டு விளக்கும் எரிந்தன. சுவரைக் குத்தினேன். ஒரு விளக்கும் அசையவில்லை.

சாயங்காலம் பெரியத்தான் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "நான் போட்டத யாரக் கேட்டுப் பிரிச்சீங்க?"

கணவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "அது அவ வேலை பாக்கிற ரூம்ணே. அவளுக்குத் தெரியும்."

அண்ணனிடம் இவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மார்ச் 23

பெரியத்தான் வரவில்லை. சுவர் சுகமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

இன்று ஸ்கேன் அறை. திரையில் காது கேளாத ஒரு கர்ப்பிணி, அவளுக்கு முதல் குழந்தை. டாக்டர் இதயத் துடிப்பைச் சத்தமாக வைத்தார். எனக்கும் தெளிவாகக் கேட்டது. 'அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது?' என்று அவள் கையால் கேட்டாள். அதற்கென்று எனக்கு ஒரு சைகையும் தெரியாது. உள்ளங்கையை மூடித் திறந்தேன், மூடித் திறந்தேன், அந்தத் துடிப்போடு. அவள் தன் கையைத் திரைக்கு அருகே கொண்டுவந்து என்னோடு சேர்ந்துகொண்டாள். டாக்டர் கருவியை எடுக்கும்வரை இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை.