உனக்கு விடியாத வியாழக்கிழமை

என் வாயாடி மகளுக்கு,

முட்டிவலி ஒண்ணைத் தவிர நானும் அப்பாவும் குறையில்லாம இருக்கோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருக்கணும், அதுதான் எனக்கு வேணும். அப்பா புதுப் பல்செட்டைப் போடவே மாட்டேங்கறார், டப்பாவுல அது சும்மா சிரிச்சிக்கிட்டு கிடக்கு. போன வாரம் போனை எடுக்கலைன்னு அப்படிக் கோவிச்சுக்கிட்டியே, எங்களுக்கு ஒரு நாள் முந்தியே தேதி பிறக்கிற ஊர்ல உனக்கு அது வெள்ளிக்கிழமை, கடலுக்கு இந்தப் பக்கம் எனக்கு இன்னும் வியாழக்கிழமை. வியாழக்கிழமையில நான் ஏன் போன் எடுக்கறதில்லைன்னு வாயால சொன்னா அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நினைப்பே, அதான் எழுதறேன். சிரிக்காம படி.

நீ புதன்கிழமை ராத்திரி பிளேன் ஏறினே, இறங்கறப்ப வெள்ளிக்கிழமை காலைன்னு சொன்னே. நடுவுல இருந்த வியாழக்கிழமை காலைல நான் தையல் மெஷின்ல யாரோட பேன்ட்டுக்கோ ஓரம் அடிச்சிக்கிட்டு இருக்கேன், கதவைத் திறந்துக்கிட்டு நீ வந்தே. அதே சாம்பல் கலர் சட்டை. கிளம்பற அவசரத்துல வெள்ளை நூல் கிடைக்காம நான் கறுப்பு நூல்ல தைச்சுவிட்ட அதே பட்டன். ஜன்னலோர நாற்காலில உட்கார்ந்து டீ கேட்டே. பிளேன் ரத்தாயிடுச்சு போலன்னு சந்தோஷத்துல நான் எதையும் கேக்கலை. சாயங்காலம் போயிட்டு வரேம்மான்னு கிளம்பிட்டே. அப்புறம் நீ அங்கேருந்து போன் பண்ணி நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன்னதும் ஜன்னலோரம் குடிச்சு வெச்சிருந்த டீ டம்ளரைத்தான் திரும்பிப் பார்த்தேன். அன்னிக்கு வந்தவ அதுலேருந்து வியாழன் தவறாம வர்றா. கறுப்பு நூலைப் பிரிச்சு வெள்ளையில தைச்சு அனுப்பினேன், அடுத்த வாரம் பார்த்தா மறுபடியும் கறுப்பு. உன் போட்டோவுல முடி தோளைத் தாண்டிடுச்சு, அவளுக்கு வளரவே இல்லைடி.

அப்பா ஒரே ஒரு தடவை பார்த்தார். அதுலேருந்து வியாழக்கிழமைன்னா முதல் ஆளா அச்சகத்துக்கு ஓடிடறார். வருஷம் பூரா காலண்டருக்குப் புரூஃப் பார்க்கிற மனுஷனாச்சே, அவர்தான் விளக்கினார். நடுக்கடல்ல தேதி மாத்தறதுக்குன்னு மனுஷங்களே ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்களாம், அதை நீ இருட்டோட தாண்டிட்டதால அந்த வியாழன் உனக்கு விடியவே இல்லையாம். இதென்ன பிரமாதம், இந்தக் காலண்டரே பத்து நாளைத் தூக்கி எறிஞ்சிட்டுத்தான் ஆரம்பிச்சுதுன்னார். பழைய கணக்குல வருஷத்துக்குப் பதினோரு நிமிஷம் கூடுதலாம், அது நூத்துக்கணக்கான வருஷமா சேர்ந்துபோச்சாம், சரிபண்றதுக்காக அக்டோபர் நாலாம் தேதிக்கு மறுநாளைப் பதினஞ்சுன்னு சொல்லிட்டாங்களாம். அப்போ அந்தப் பத்து நாளும் எங்கேதான் போச்சுன்னு கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார்.

நீ லீவுல வரேன்னதும் அவருக்கு நிம்மதி. போன வழியே திரும்பினா அந்தக் கோட்டைத் தாண்டும்போது ஒரே தேதி உனக்கு ரெண்டு தடவை வருமாம், விட்ட நாள் உன்கிட்டயே வந்து சேர்ந்துடும், அப்புறம் அவ வரமாட்டாங்கறார். எனக்கும் அதுதான் நல்லதுன்னு பட்டுது. ஆனா போன வியாழன் நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல என் கை தெரியாமப் பட்டுடுச்சு. அறை முழுக்க உன் குரல். அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. யாரும்மா அதுன்னு கேட்டா. நான் போனை அணைச்சுத் துணிக்கடியில தள்ளினேன். அவளே, அவ வந்துட்டா நான் எங்கேம்மா போவேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கை சூடாத்தான் இருந்துச்சு, உன் கை மாதிரியே. எனக்குப் பயமா இருக்குடி, ஆனா அவளைப் பார்த்து இல்லை.

அதனால அப்பாவுக்குத் தெரியாம ஒண்ணு கேக்கறேன். போன வழியா வராதே. உலகத்துக்கு அந்தப் பக்கமா சுத்திக்கிட்டு வா, அந்த வழியில கோடு குறுக்கே வராதாம். நேரம் கூட ஆகும், உடம்பு அலுத்துப்போகும், தெரியும். மத்த நாளெல்லாம் உன்னோடதுதான் கண்ணு, அந்த ஒரு வியாழக்கிழமையை எனக்கு விட்டுக்கொடு.

நோய்நொடி அண்டாம, நினைச்சதெல்லாம் கைகூடி நீ நல்லா இருக்கணும். டிக்கெட் போடறதுக்கு முந்தி கிழமையைப் பார்த்துக்கோ. எந்தக் கிழமை வேணும்னாலும் வந்து இறங்கு, வியாழக்கிழமை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேரோட அம்மா