அம்மா எண்ணிய முப்பது

குட்டி,

அன்று காலைப் பயிற்சி முடிந்து நீ வந்ததும், அம்மா வழக்கம்போல உன் குதிகாலைச் சமையலறைச் சுவரில் ஏற்றி வைத்து, தசை இளக முப்பது எண்ணினாள். பதினெட்டில் நிறுத்தி, "என்னங்க, பால் பொங்குது, பாத்துட்டே நிக்கிறீங்களே!" என்று என்னைத் திட்டிவிட்டு, மறுபடி பத்திலிருந்து தொடங்கினாள். அன்று மத்தியானமே நெஞ்சுவலி வந்து நம்மை விட்டுப் போய்விட்டாள்.

நேற்று நீ, "அம்மா மாதிரி எண்ணுப்பா" என்றாய். "முப்பதுன்னா முப்பதுதான். தையல்காரன் நான், அளவு தப்புவேனா?" என்றேன். நீ காலை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். தப்பு என் பேரில்தான்.

டென்னிஸ் அரையிறுதியில் கோட்டோரம் போன பந்தைக் காலை அகட்டி எட்டி எடுத்தாயே, பக்கத்திலிருந்தவர், "ரப்பர்ல செஞ்ச பொண்ணா சார்?" என்றார். "என் பொண்ணு" என்றேன். மூன்று செட் ஆடியும் உனக்குக் கெண்டைக்கால் பிடிக்கவில்லை. எல்லாம் அம்மா கூடுதலாக எண்ணியதன் பலன்.

ரொட்டியும் முட்டையும் மூடி வைத்திருக்கிறேன். ஆடும் முன் கைகால்களை வீசி உடம்பைச் சூடாக்கிக்கொள். நாலு மணிக்கு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிடுவேன். ஜெயித்தாலும் தோற்றாலும், முடிந்ததும் காலை நீட்டு, நான் எண்ணுகிறேன். நடுவில் பேச்சுக் கொடு, கணக்கை விட்டுவிடுகிறேன்.

அப்பா

பத்து மணிக்குப் பெயின்டர் வருவார். சமையலறையில் அந்தச் சுவரை மட்டும் தொட வேண்டாம் என்று சொல். உன் குதிகால் தடம் அதே இடத்தில்தான் இருக்கிறது.