இடது கையில் நூமா, வலது கையில் கூரியஸ்

1798, செப்டம்பர் 3

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, என் விடுதியின் ரம் பீப்பாய் மீது கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். பீப்பாய் காலி. சத்தியம் காலியல்ல.

ஆல்டன் ஃபெரி என்ற இந்த ஊரின் இரண்டு கட்சிகளையும் பெற்றெடுத்தவன் நான். ஒபதியா கிரிம்ஸ், வயது ஐம்பத்தெட்டு, விடுதிக்காரன், ஊர் தபால் அதிகாரி, வெர்மான்ட் மாநிலம் முழுவதிலும் முதல்தரப் பொய்யன்.

வாஷிங்டன் பதவியை விட்டு வீட்டுக்குப் போகும்போது, கட்சி கட்டாதீர்கள் என்று நாட்டுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டிச் சக்கரத்தின் தூசி அடங்குவதற்குள் நாங்கள் இரண்டு கட்சி கட்டி முடித்திருந்தோம். ஜனாதிபதி ஆடம்ஸ் பக்கம் நிற்பவன் ஃபெடரலிஸ்ட்; தொப்பியில் கறுப்பு ரிப்பன். ஜெஃபர்சன் பக்கம் நிற்பவன் ரிபப்ளிகன். அவனுக்கு மூவர்ண ரிப்பன். இப்போது இங்கே இரண்டு சவரக்காரர்கள், இரண்டு வைத்தியர்கள். ஃபெடரலிஸ்ட் கோழி ரிபப்ளிகன் வைக்கோலில் முட்டையிடுவதில்லை. வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வரை ஓடுகிறது.

இவ்வளவும் எதனால்? லெமுவெல் போக்கின் ஃபெடரலிஸ்ட் பத்திரிகையில் 'நூமா' என்ற பெயரில் வாராவாரம் கடிதம் எழுதும் மகானால். என் சகோதரி மகன் ஆசாவின் ரிபப்ளிகன் பத்திரிகையில் அவருக்குப் பதிலடி தரும் 'கூரியஸ்' என்ற மகானால். பத்திரிகைக்கு எழுதுகிற எவனும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. ரோமாபுரிப் பெயர் ஒன்றைப் போர்த்திக்கொள்வதுதான் மரியாதை. நூமா ஒரு செனட்டர் என்கிறார்கள். கூரியஸ் வர்ஜீனியாவில் பெரிய தலை என்கிறார்கள்.

நூமா என் இடது கை. கூரியஸ் என் வலது கை.

முதலில் கூரியஸ் மட்டும்தான். பதில் எழுத இந்த ஊரில் எவனுக்கும் துப்பில்லை. சண்டை போட ஆளில்லாமல் ஒருவன் எத்தனை வாரம்தான் கத்துவது? அதனால் எதிராளியாகவும் நானே இடது கையால் எழுத ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 11

கூரியஸ் இன்று உச்சத்தில் இருந்தான். ஜனாதிபதி லண்டனிலிருந்து ஒரு சிம்மாசனம் வரவழைத்ததாக எழுதினேன். மாநிலத்துக்கு ஒரு படி வீதம் பதினாறு படி. ரோட் ஐலண்டுக்கான படி மிகச் சிறியது, கோழி மட்டுமே ஏறலாம். நம் ஆற்றைக் கடக்கும்போது பாரம் தாங்காமல் படகு முழுகி, மீன்களெல்லாம் சிம்மாசனத்துக்கு முன் மண்டியிட்டன.

கூரியஸ் யாரென்று ஆசாவுக்குத் தெரியும். என் கடிதத்தை அச்சுக் கோர்ப்பவன் அவன்தானே. நூமாவைத் தெரியாது. படித்துவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பிறகு நிறுத்தினான்.

"மாமா, ஜனாதிபதியைப் பழிச்சு எழுதினா ஜெயில்னு ஜூலைல சட்டம் போட்டிருக்காங்களே."

"மீன் மண்டி போட்டதுக்கு எவன்டா ஜெயில்ல போடுவான்?"

"உங்களுக்கென்ன, ராத்திரி தூங்கிடுவீங்க. அச்சடிக்கிறவன் நான்."

"பயமா இருந்தா விடு."

"பயமெல்லாம் இல்லை. ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. என்ன ஆனாலும் உங்க பேர் என் வாயில வராது. பத்திரிகைக்காரன் அதைச் சொல்லிட்டா அப்புறம் அவன் பத்திரிகைக்காரன் இல்லை."

அச்சுக் கோர்த்த பிறகு நான் எழுதிய தாளைக் கணப்பில் போட்டான். அச்சானதும் எப்போதும் அப்படித்தான் செய்வான்.

செப்டம்பர் 18

நூமாவின் பதிலை எழுதியாகிவிட்டது. இடது கை இன்று தானாகவே ஓடியது. கடைசி வரி: "பொய்யை எழுதுபவன் ஒளிந்துகொள்வான், அச்சடிப்பவன் ஒளிய முடியாது. மார்ஷலின் கைவிலங்கு துருப்பிடித்துவிட்டதா?"

அருமையான வரி. மூன்று முறை உரக்கப் படித்தேன். யாரை மனதில் வைத்து எழுதினேன்? யாரையும் இல்லை. வாக்கியம் முடிய ஒரு விலங்கு வேண்டியிருந்தது.

அக்டோபர் 2

கைது செய்யும் அரசாங்க அதிகாரியான மார்ஷல் வந்தார். என் விடுதியிலேயே இறங்கினார். பன்றி இறைச்சி இரண்டு தட்டு சாப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார்.

"கைவிலங்கு துருப்பிடிச்சிடுச்சான்னு கேட்கிறாரு பாருங்க! எவ்வளவு பெரிய மனுஷனோ. உங்க ஊர் ஃபெடரலிஸ்ட் தலைவர் கர்னல் ஸ்லோன் இதை வெட்டி அரசாங்க வக்கீலுக்கு அனுப்பிட்டார். இது மட்டும் வரலைன்னா நான் இந்தக் குளிர்ல இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். கடவுளே, குழம்பு ஊற்றினேன்.

மாலை நான்கு மணிக்கு ஆசாவை அழைத்துப் போனார்கள். கைவிலங்கு துருப்பிடிக்கவில்லை. பளபளவென்று இருந்தது. வாசலில் நின்ற அவன் மனைவி கெசியாவுக்கு ஆறாம் மாதம்.

அக்டோபர் 3

என்னடா செஞ்ச, ஒபதியா?

அக்டோபர் 19

ஊர் ஊராகச் சுற்றிவந்து வழக்குக் கேட்கும் நீதிபதி இன்று விசாரித்தார். ஊர் முழுவதும் அங்கே இருந்தது. இடப்பக்கம் கறுப்பு ரிப்பன், வலப்பக்கம் மூவர்ணம். நான் நடுவில், என் கறுப்பு ரிப்பனோடு. தபால் வேலை ஜனாதிபதி கொடுத்தது. ரிப்பன் அந்த வேலைக்காகக் குத்தியது.

"எழுதினவன் பேரைச் சொல்லு. உன்னை இப்பவே விட்டுடறேன்" என்றார் நீதிபதி.

ஆசா கூரையைப் பார்த்தான். என் பக்கம் கண் போய்விடக் கூடாதென்று கூரையைப் பார்த்தான்.

"எழுதினவர் பேரு கூரியஸ், ஐயா. ரோமாபுரிக்காரர். அவர் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆயிடுச்சு. வேணும்னா குழியைத் தோண்டிக் கேளுங்க."

சபையே சிரித்தது. ஆறு மாதம் சிறை.

நான் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துவிட்டது என்று எழுதலாம், எழுத மாட்டேன். கால் நன்றாகத்தான் இருந்தது. கூரியஸ் நான்தான் என்று சொன்னால் எனக்குச் சிறை. அது கூடப் பரவாயில்லை. பேச ஆரம்பித்தால் நூமாவும் வெளியே வருவான். அதை ஆசாவின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

நவம்பர் 12

பத்திரிகை நிற்கவில்லை. கெசியாவே அச்சுக் கோர்க்கிறாள், வயிறு மேஜையில் இடிக்க. உதவிக்குப் போனேன். நான் கோர்த்த பக்கத்தில் காணாமல்போன பசுவின் விளம்பரம் தலைகீழாக வந்தது.

அச்செழுத்துக்கு மை பூசும் தோல் பந்தை மையில் தோய்த்துக்கொண்டே அவள் கேட்டாள்: "மாமா, ஊர்க் கடுதாசி எல்லாம் உங்க கை வழியாத்தானே போகுது?"

"ஆமாம்மா."

"அப்ப நூமா யாருன்னு உங்களாலதான் கண்டுபிடிக்க முடியும். போக் பத்திரிகைக்கு எங்கேருந்து கடுதாசி வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் பண்ண மாட்டேன். இந்த மையை அவன் மூஞ்சில பூசணும். அவ்வளவுதான்."

"பார்க்கிறேன்" என்றேன்.

பார்த்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன்.

நவம்பர் 20

தபால் அதிகாரி என்பதால் போக் என்னிடம் கேட்டு அனுப்பினார்: நூமாவின் கடிதம் ஏன் வருவதில்லை? இடது கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். சூப் கூட வலது கையால்தான்.

1799, ஜனவரி 14

ஆண் குழந்தை. மைக்கூடு உறைந்துபோகும் குளிரில் கெசியா குழந்தையைக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போய்ச் சிறை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாளாம். ஆசா கம்பி வழியாக ஒரு விரலை நீட்டினானாம். எட்டவில்லை.

குழந்தைக்குப் பெயர் கூரியஸ்.

"அப்பா யாருக்காக உள்ளே போனார்னு அவனுக்குத் தெரியணும்" என்றாள் கெசியா. என் கையில் கொடுத்தாள். குழந்தை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. என் பொய்ப் பெயருக்கு ஒன்பது ராத்தல் எடை.

பிப்ரவரி 8

ஆசாவுக்கு இருமல். ஆட்டிறைச்சிச் சூப் அனுப்பினேன். நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறான். நன்றி!

மார்ச் 5

இன்று ஊர்க்கூட்டம். மார்ச் முதல் செவ்வாயில் ஊரே கூடி வேலி பார்ப்பவர், ரோடு பார்ப்பவர், பன்றிக் காவலர் என்று ஆள் தேர்ந்தெடுக்கும் நாள். கர்னல் ஸ்லோன் தலைமை. கட்டிவைக்காமல் அவிழ்த்துவிட்ட பன்றிகளைப் பற்றி அரை மணி நேரம் சண்டை. பன்றிக் காவலர் யார் என்று கேட்ட இடத்தில் நான் எழுந்தேன்.

"நான் சொல்லப்போறதை நீங்க யாரும் நம்ப மாட்டீங்க" என்றேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். முப்பது வருடமாக என் கதை ஒவ்வொன்றையும் அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்திருக்கிறேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குத் தெரியவில்லை. ஊர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாய்ந்தது. இரண்டு பேர் புகைக்குழாயைப் பற்றவைத்தார்கள்.

சொன்னேன். கூரியஸ் நான். நூமாவும் நான். ஆசாவைப் பிடித்துக்கொடுத்தது என் இடது கை.

ஒரு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்தன. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "யோவ் கிரிம்ஸ், வாஷிங்டன் குதிரையும் நீதானா?" என்று பின்வரிசையில் ஒருவன். "குதிரையோட பின்பாதி!" என்று இன்னொருவன்.

பேனா கேட்டேன். இடது கையால் எழுதிக் காட்டினேன். போக் குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நிமிர்ந்து சொன்னார்: "இது கோழி கிளறின மாதிரி இருக்கு. நூமா கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

கர்னல் என் காதருகே குனிந்தார். "நூமா ஒரு செனட்டர்னு ஊர் நம்புது. அந்த நம்பிக்கையிலதான் பாதிப் பேர் எங்க பக்கம் நிக்கிறாங்க. உட்காருய்யா."

பிறகு யாரோ முன்மொழிந்தார்கள், யாரோ வழிமொழிந்தார்கள். ஆல்டன் ஃபெரியில் கட்சிகள் தோன்றிய நாள் முதலாக நடக்காத ஒன்று நடந்தது: இரண்டு கட்சியும் ஒருமனதாக வாக்களித்தன. நான் பன்றிக் காவலர்.

மார்ச் 6

சிறைக்குப் போனேன். ஆரம்ப வாக்கியம் இல்லாமல் சொன்னேன்.

"ஆசா, நூமா நான்தான்."

அவன் சிரிக்கவில்லை. உலகத்தில் ஒருவன் நம்பினான், அவன் நம்பாமலிருந்திருக்கலாம்.

கேட்டான்: "அந்த விலங்கு வரி... அது நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"எழுதும்போது என்னை நினைச்சீங்களா?"

"இல்லைடா."

"நினைச்சு எழுதியிருந்தாக் கூடப் பரவாயில்லை, மாமா." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "போங்க."

ஏப்ரல் 2

தபால் பையைக் கர்னலிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கறுப்பு ரிப்பனைக் கழற்றினேன். மூவர்ணம் குத்தவில்லை. மொட்டைத் தொப்பியோடு பன்றி துரத்துகிறேன். பன்றிகள் எந்தக் கட்சியிலும் இல்லை. அவை மட்டும்தான் என்னோடு பேசக்கூடிய நிலையில் இருக்கின்றன.

ஏப்ரல் 19

விடுதலை. ரிபப்ளிகன்கள் மத்தளம், ஊதுகுழல், கொடியோடு ஆசாவைத் தோளில் தூக்கிவந்தார்கள். அவன் எலும்பு தெரிய இளைத்திருக்கிறான். ஊர்வலம் என் வாசலைக் கடந்தது. எல்லோரும் எனக்குக் கையசைத்தார்கள். ஆசா நேராகப் பார்த்துக்கொண்டு போனான்.

"கூரியஸ் வாழ்க!" என்று கத்தினார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

மே 2

ஒரு கடிதம் எழுதினேன். சிம்மாசனம் இல்லை, மீன் இல்லை. நடந்தது நடந்தபடி ஒரு பக்கம். கீழே ரோமாபுரிக்காரன் யாரும் இல்லை: ஒபதியா கிரிம்ஸ், விடுதிக்காரன். அச்சுக்கூடத்துக் கதவிடுக்கில் சொருகிவிட்டு வந்தேன். போட்டால் போடட்டும். கணப்பில் போட்டாலும் சரி.

மே 9

காலையில் பத்திரிகை வாசலில் விழுந்தது. எறிந்தது ஆசா, முதுகைப் பார்த்தே தெரிந்தது. முதல் பக்கத்தில் என் கடிதம், ஒரு எழுத்து மாறாமல், என் பெயரோடு.

மத்தியானம் விடுதி நிரம்பியது. ஒருவன் நாற்காலி மேல் ஏறி நின்று உரக்க வாசித்தான். வரிக்கு வரி சிரிப்பு. "கிரிம்ஸ், இந்தத் தடவை நீ உன்னையே மிஞ்சிட்டேய்யா!" சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது கெசியா உள்ளே வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் மை தோய்த்த தோல் பந்து. ஆண்கள் வழிவிட்டார்கள். என் எதிரே வந்து நின்றாள். நெற்றியிலிருந்து தாடை வரை, இந்தக் கன்னம், அந்தக் கன்னம், அவசரமே இல்லாமல், ஒரு பக்கத்துக்கு மை பூசுவது போலப் பூசினாள். மை என் கண்ணில் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது. நாற்காலி மேல் நின்றவன் மெல்ல இறங்கினான். போக் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

"குழந்தைக்குப் பேரை மாத்தியாச்சு" என்றாள் கெசியா. "ஆசான்னே வெச்சுட்டோம்."

"நல்ல பேரும்மா."

வாசல் வரை போனவள் திரும்பினாள். "அச்சுக் கோக்க ஆள் பத்தலை. அவருக்கு இன்னும் இருமல் நிக்கலை. நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. அவர் உங்களோட பேச மாட்டார், சொல்லிட்டேன்."

"பேச வேண்டாம்மா."

"வலது கையை மட்டும் கொண்டு வாங்க."

மே 10

ஆறரை மணி. கிளம்புகிறேன். இந்த நோட்டில் எழுதியதை யாரும் நம்ப வேண்டாம். கோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது பொய். பதினாறு படி பொய். மீன்கள் மண்டியிட்டது பொய். செனட்டர் பொய், வர்ஜீனியாப் பெரிய தலை பொய்.

மூன்று முறை சோப்புப் போட்டும் முகத்து மை போகவில்லை. அது நிஜம்.