கண்ணுக்கில்லை, கண்ணைச் சுற்றி

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அம்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் வாப்பாவும் இங்கே வெயிலுக்குள் சுகம், நீயும் மருமகன் சுபியானும் மெல்பேர்ன் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டுமென்று தொழுகைக்குத் தொழுகை கேட்கிறேன். முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மகள், நீ அனுப்பிய அந்தக் கண் கிரீமை நான் கண்ணுக்குள் போட்டுக்கொண்டேன். சிரிக்காதே. கண்ணுக்குப் போடுங்க உம்மா என்றுதானே நீ சொன்னாய், கண்ணுக்குப் போடுவதென்றால் எனக்குச் சுறுமாதான் தெரியும், சுறுமாக் கோலைக் கிரீமில் தொட்டு பிஸ்மி சொல்லி இரண்டு கண்ணிலும் உள்ளுக்கு இழுத்தேன். பிறகு என் கண்ணை நீ பார்த்திருக்க வேண்டும், அவித்த இறால் இரண்டைப் பதித்து வைத்த மாதிரி. இதை வட்ஸ்அப்பில் சொல்லியிருப்பேன், ஆனால் உனக்கென்று போடுகிற வொய்ஸ் எல்லாம் குடும்ப குறூப்பில் போய் விழுகிறது, அதனால்தான் கடிதம், எதிர்வீட்டு ஆகிலா அடுத்த கிழமை அங்கே வரும்போது கையில் தருவாள்.

அந்தக் கண்ணோடு மீன் வாங்கப் போனதுதான் அடுத்த பிழை. நிகாபுக்கு மேலே இரண்டு சிவந்த கண் மட்டும் தெரிந்தால் தெரு சும்மா இருக்குமா, நான் அழுது அழுது வீங்கிப்போனேன் என்றும் உன் வாப்பா முனாப் பாலமுனையில் இரண்டாம் தாரம் பேசுகிறார் என்றும் அஸர் தொழுகைக்கு முன்னமே முடிவாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்து, பொறுமையா இரிங்க ராத்தா, ஆம்புளைகள் அப்புடித்தான் என்று என் முதுகைத் தடவினாள், நானும் இடியப்பத்துக்காக மறுத்துச் சொல்லவில்லை. உன் வாப்பாவுக்கு அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை, வயலுக்குப் போகிற மனிசன் இரண்டு நாள் அயர்ன் பண்ணின சேட்டோடு பள்ளிக்குப் போனார்.

இந்தக் கிரீமை உன்னிடம் நான் கேட்டது ஏனென்று உனக்குச் சொல்லவில்லை அல்லவா. மருதமுனையில் ஒரு கலியாண வீட்டு வாசலில், சஹன் தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராய்ச் சாப்பிட ஆள் சேர்க்கிற பெட்டை ஒருத்தி என் கண்ணைப் பார்த்துவிட்டு, மூத்தம்மா, இஞ்சால வாங்க, கால் நோவப் போகுது என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பல்லில்லாத கிழவிகளின் சஹனில் என்னை இருத்திவிட்டாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு! ஊருக்கு நான் காட்டுவதே நாலு விரல் அகலம், அந்த நாலு விரலுக்குள்ளா மூத்தம்மா குடியிருக்கிறாள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கைருன்னிஸா மாமி, என்னைவிட மூன்று வயசு மூத்தவள், இளம் தாய்மாரின் சஹனில் இருந்துகொண்டு, மச்சி, ஈரல் மெதுவா இரிக்கி, அத எடுங்க என்று அத்தனை பேருக்கும் கேட்கக் கூவினாள். அடுத்த கலியாணத்தில் ஒருத்தியும் என்னை மூத்தம்மா என்று கூப்பிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கண் சிவந்து போய்க் காட்டினபோது கல்முனையில் அந்த டொக்டர் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத்தான் விளக்கினாள், கண்ணுக்கில்ல உம்மா, கண்ணைச் சுத்தி என்று. உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதானாம், வயசு போகப் போக இன்னும் மெலியுமாம், மோதிர விரலால் ஒரு பயறளவு தொட்டுக் கண்குழி எலும்பின்மேல் ஒற்ற வேண்டுமாம், ஏனென்றால் அந்த விரலுக்குத்தான் பலம் குறைவாம், ரொட்டிக்கு மாப் பிசைகிற கையால் தேய்க்கக் கூடாதாம். தொழுகைக்கு வுழூ செய்துவிட்டு முகத்தைத் துவாயால் அரக்கித் துடைக்கிறீங்களா என்று கேட்டாள், ஓம் என்றேன், ஒரு நாளைக்கு ஐந்து தரம் முப்பது வருஷமாகவா என்று தலையில் கை வைத்தாள். இப்போது ஒற்றித்தான் எடுக்கிறேன், சுறுமாவையும் எண்ணெய் தொட்டு மெதுவாகக் கழற்றுகிறேன், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் போடுகிறேன், உன் வாப்பா அதைப் பார்த்துவிட்டு, ஆளையே காணல்ல, ஹபாயா அங்கி தனிய நடந்து வருது என்றார். நீயும் இரவில் போனைப் பார்த்துக்கொண்டு கண்ணைக் கசக்காதே, முப்பது வயசில் தொடங்கினால் என்னைப் போல ஓடித் திரிய வேண்டியதில்லை.

போன ஞாயிறு சம்மாந்துறையில் உன் கூட்டாளி சுபைறாவின் தங்கச்சிக்குக் கலியாணம். வாசலில் சுபைறாவே நின்றாள். என் கண்ணைப் பார்த்தாள், பார்த்ததும் ஓடி வந்து கட்டிப் பிடித்து, வா புள்ள, நம்மட செட் எல்லாம் உள்ளுக்கு இரிக்கி என்று இழுத்துக்கொண்டு போய் உன் வயசுப் பெட்டைகளின் சஹனில் என்னை இருத்தினாள்! மகள், அந்த நேரம் நான் நடந்த நடையை நீ காண வேண்டும். உன் மாமி எங்கே என்று கேள், இரண்டு சஹன் தள்ளி, ஒரு சின்னப் பிள்ளை அவளை மூத்தம்மா என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. முகத்தைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று நான் நிகாபை அவிழ்க்கவே இல்லை, குரலும் காட்டவில்லை, துணிக்குக் கீழால் சோற்றை உள்ளே அனுப்பி வட்டிலப்பம் வரை சாப்பிட்டு முடித்தேன், உள்ளுக்குள் நாடியெல்லாம் நெய், வெளியே கண்ணால் மட்டும் சிரிப்பு. உன் மாமி திரும்பி வரும்போது ஓட்டோவில் என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் மெதுவாக, மச்சி, அது என்ன கிரீம் என்றாள். ஒலுவில் கடல் காற்று என்று சொல்லிவிட்டேன்.

ஆகிலாவிடம் மாசிச் சம்பலும் கொஞ்சம் மஸ்கட் அல்வாவும் கொடுத்து விடுகிறேன், சுபியானுக்கு மறைக்காமல் கொடு. அந்தக் கிரீம் தீரப் போகிறது, மறக்காதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் கண்ணுக்குக் குளிர்ச்சியான பிள்ளைகளையும் தருவானாக.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி,
உம்மா சபியா.

பி.கு.: நீயும் சுபைறாவும் ஒரே மாதிரிப் பூ வேலையோடு சேர்த்துத் தைத்தீர்களே அந்த ஹபாயா, அலுமாரியில் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும் என்று இப்போது நான்தான் உடுத்துகிறேன், கொஞ்சம் உன் வாசமும் வருகிறது. கலியாணத்துக்கும் அதைத்தான் உடுத்திப் போனேன். வெளிக்கிடும்போது சுபைறா என் காதுக்குள், மெல்பேர்னில இப்ப குளிரா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன், அவள் உன்னிடம் கேட்டால் நீதான் கலியாணத்துக்கு வந்துவிட்டுப் போனதாகவே சொல்லு.