உப்பில்லாத சுவர்

என் பிரியமுள்ள பிலோமி மைனிக்கு,

கல்லறைத் தோட்டத்தில் படுத்திருந்தாலும் நீங்க காதைக் கோயில் பக்கம்தான் வைத்திருப்பீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுவர் நிற்கிறது மைனி. ஆனி போய், ஆடியும் போய், நிற்கிறது.

சேசு சபைச் சாமிமார் கட்டிவிட்டுப் போன நம்ம பழைய கோயிலை இடித்துக் கான்கிரீட்டில் கட்டணும்னு ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுந்தது உங்க மவன் ஆன்றோதானே. நீங்களும் எழும்பினீங்க. "ஏலே, ஒரு சுவரைப் பழையபடி சுண்ணாம்பால பூசிக் காட்டுதோம். ஒரு ஆனி ஆடி மழையை அது தாங்கலன்னா எல்லாத்தையும் இடிச்சுக்க." கூட்டமும் சரின்னு தலையாட்டிச்சு. தவசுகாலம் முடிஞ்சு ஈஸ்டர் வரும் முன்னே நீங்க போய்ச் சேர்ந்தீங்க. உங்க வாக்கு எங்க தலையில் நின்றது.

ஞாயிறு பூசைக்கு வரும்போது வீட்டுக்கொரு பெட்டி சிப்பி என்று வைத்தோம். காணிக்கை வைக்கிற இடத்தில் சிப்பி குமிந்தது. சூளை போட்டு எரித்து, சுண்ணாம்பாய் நீற்றி, அதோடு குழைக்கக் கருப்பட்டியும் கடுக்காயும் ஊற வைத்தோம். "இவ்வளவு கருப்பட்டி போட்டா, நம்மளவிட எறும்புதான் ஒழுங்கா பூசைக்கு வரும்" என்று பக்கத்து வீட்டு மேரி சொல்ல, பங்குச் சாமியாரே சிரித்துவிட்டார். என் பேத்தி ஜெனி சாரத்தில் ஏறி நின்று பூசினாள். கீழே நின்ற எனக்குப் பயம் பாதி, பெருமை பாதி.

அந்தப் பூச்சு மழைக்கு முந்தியே பொரிந்து உதிர்ந்தது மைனி. ஆன்றோ வந்து பார்த்தான். "அம்மாவே போயிட்டா அத்தை. சுவரையும் போக விடுங்க" என்றான்.

சுசீந்திரத்துப் பக்கம் கோயில் வேலை பார்க்கிற கொத்தனார் செல்லையா அண்ணாச்சியைக் கூட்டி வந்தோம். உதிர்ந்த காரையை எடுத்து நாக்கில் வைத்தார். காறித் துப்பினார்.

"கருவாடு போடவா பூசினீங்க? மணல் எங்க அள்ளினது?"

வாசலில் கடல் கிடக்க, ஆற்றுமணலுக்கு யார் போவா? மணல் கடற்கரையில் அள்ளினது, குழைக்கிற வெள்ளம் கரைக் கிணற்றில் கோரினது, சிப்பியைக்கூட நாங்க கழுவவில்லை. உப்பு பூத்துக் காரையைத் தள்ளிவிட்டது. உப்பிலேயே பிறந்து வளர்ந்தவங்களுக்கு உப்பு தனியாத் தெரியுமா, சொல்லுங்க?

எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். ஆற்றுமணல் வந்தது. உப்பில்லாத நல்ல வெள்ளத்துக்கு வடக்கே வயக்காட்டுக் கிணற்றுக்குப் போனோம். கிணற்றுக்காரி பாலம்மை நம்ம வேதக்காரி இல்லை, அய்யா பதிக்கு விளக்கேற்றுகிறவ. நம்ம கோயிலுக்குன்னு கேட்கக் கொஞ்சம் தயங்கினேன். "சாமி சுவருக்கு வெள்ளம் இல்லேம்பனா மக்கா?" என்று அவளும் ஒரு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்ககூட நடந்தாள்.

உள்ளும் புறமும் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு மழை வந்தது. எங்க வீட்டு ஓடு பறந்தது. சுவரில் ஒரு பொருக்கு உதிரவில்லை.

ஆடிக் கடைசி ஞாயிறு சாயந்தரம், கரண்டு போய்க் கோயில் இருட்டிக் கிடந்தது. ஜெனி ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தினாள். கண்ணாடிபோல் பளபளத்த சுவருக்குள்ளே இன்னொரு திரி எரிந்தது மைனி. நான் அப்படியே முட்டுப்போட்டுவிட்டேன். இந்தச் சுவரின் பக்கத்தில்தானே உங்களுக்கும் எனக்கும் தாலி ஏறினது? மேலே அடிச்சிருந்த பெயிண்டுக்கு அடியில் அன்றைக்கும் இந்த வெளிச்சம் இருந்திருக்குமா? எங்கேயோ பிறந்த அந்தச் சாமிமார் இதை நம்ம ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்களா, இல்லை நம்ம ஆட்கள் அவங்களுக்கா? யாரிடம் கேட்க?

சுவர் தாங்கியிருக்காதுன்னு நினைத்து, புதுக் கோயிலுக்கு அளவெடுக்க அப்போ டேப்போடு வந்த ஆன்றோ வாசலிலேயே நின்றுவிட்டான். மெதுவா உள்ளே வந்து சுவரை விரலால் தடவினான். அந்த விரலை நாக்கில் வைத்தான்.

"உப்பு இல்ல, அத்தை."

டேப்பைச் சுருட்டி மடியில் செருகினான். அப்புறம் கேட்டான்: "அடுத்த சுவருக்கு எங்க வீட்டுப் பெட்டியை எங்க வைக்கணும்?"

வருகிற ஞாயிறு உங்க ஓலைப்பெட்டியில்தான் அவன் சிப்பி கொண்டு வருவான். பக்கத்தில் நின்று நல்ல வெள்ளத்தில் கழுவ வைப்பேன். என் கை ஓடுகிற வரைக்கும் அந்தச் சுவர்களில் உப்பு ஏற விடமாட்டேன் மைனி. இது உங்க வாக்குமேல் நான் வைக்கிற என் வாக்கு.

உங்ககூட சண்டை போட்டே பழகிய நாத்தனார்,
அந்தோணியம்மா